ஒழுகாத கரவான்

மூச்சு விட்டதற்காக என்னைக் குற்றம் சாட்டிய ஒரே மனிதப் பிறவி அவர்தான். களவெடுத்ததற்காக இல்லை, பொய் சொன்னதற்காக இல்லை, வாடகை பிந்தியதற்காகவும் இல்லை. மூச்சு விட்டதற்காக. அதுவும் ஒருதரம் சொல்லிவிட்டு ஓய்ந்தாரா என்றால் அதுவும் இல்லை. ஒரு குளிர்காலம் முழுவதும் சொன்னார். தேவாலய வாசலில் வைத்துச் சொன்னார். கடையில் கறிவேப்பிலை தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றவர்களிடம் சொன்னார். வருடங்கள் போய்விட்டன, அவரும் மகளோடு இருக்க மெல்பேர்னுக்குப் போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெயரைச் சொல்ல மாட்டேன். ஒக்லாந்தில் எங்கள் சனம் கொஞ்சம்தான். இன்றைக்கு எழுதினால் நாளைக்கே மெல்பேர்னுக்குப் போன் போய்விடும். நாங்கள் அவரை அன்ரி என்று கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம், கணவர் காலமானவர், பாபடோயிட்டோயில் சொந்த வீடு. அந்த வீட்டுப் பின்வளவில் ஒரு கரவான் நின்றது. காரின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவதற்கான சக்கர வீடு. ஆனால் அது ஊர் சுற்றி வெகுகாலம். சக்கரங்களைச் சுற்றிப் புல் வளர்ந்திருந்தது, வீட்டுக்குள்ளிருந்து ஒரு நீண்ட வயர் வந்து அதற்கு மின்சாரம் கொடுத்தது. அதற்குள்தான் நானும் என் மனைவி ரெஜினாவும் குடியிருந்தோம். மன்னாரிலிருந்து வந்து பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவனுக்கு அதைவிடப் பெரிதாக ஒன்றும் கட்டுப்படியாகவில்லை. ரெஜினா அப்போது பிள்ளைத்தாச்சி.

அன்ரியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒரு விஷயம் சொன்னால் போதும். அவருக்குச் சொந்தமான எந்தப் பொருளிலும் பிழை வராது. வந்தால் அது பக்கத்தில் நின்றவரின் பிழை. அவருடைய கேக் நடுவில் இறங்கிப் போனால், அடுப்பில் இருக்கும்போது யாரோ வீட்டுக்குள் பலமாக நடந்திருக்கிறார்கள். அவருடைய பழைய டொயோட்டாவைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், பிரேக் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெடியனுக்குக் கால் பாரம், அவன் அமத்தின அமத்தில்தான் பிரேக் போனது என்றார். குசினி மணிக்கூடு எப்போதும் முந்தி ஓடும். அதைத் திருத்தச் சொன்னபோது, உலகம் பிந்தி ஓடுவதற்கு மணிக்கூடு என்ன செய்யும் என்ற மாதிரி என்னைப் பார்த்தார். தேவாலயப் பாடகர் குழுவில் அவர் சுருதி விலகினால் கீபோர்ட் வாசிக்கிறவரைத் திரும்பிப் பார்ப்பார். பாவம் அந்த மனுசன், அவரும் தன் விரல்களைப் பார்ப்பார்.

நல்லவர்தான். அதுதான் இதில் மிகக் கடுப்பான பகுதி. ரெஜினாவை ஸ்கானுக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். அங்கே காத்திருக்க வைத்தால் எங்களுக்காகச் சண்டை பிடிப்பார். மசக்கையில் அவள் ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தபோது, காலையில் எழும்பி அரிசிக் கஞ்சி காய்ச்சி, கரவான் கதவைத் தட்டி, குடித்து முடிக்கும் வரை நின்று பார்ப்பார். ஒரு மனிதரை முழுதாகத் திட்டவும் விடாத நல்ல குணம் இருக்கிறதே, அது பெரிய தொந்தரவு.

ஜூன் மாதம், இங்கே குளிர்காலம் பிறக்கிற மாதம், மழை தொடங்கியது. ஒக்லாந்து மழை ஒரேயடியாகக் கொட்டி முடிக்காது. நாள் முழுக்க நின்று நின்று பெய்யும். ஒரு காலை கட்டிலில் கால் வைக்கிற பக்கம் ஈரமாக இருந்தது. தண்ணீர்ப் போத்தல் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தோம். மறுநாளும் ஈரம். மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் பலகை ஊறிக் கறுத்து, மூலையில் பூஞ்சணம். ரெஜினா மணந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அன்ரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"இது மழை இல்லை, தம்பி. நீங்கள் விடுற மூச்சு."

நான் சிரித்தேன். பகிடி என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. சின்ன இடத்தில் இரண்டு பேர் கதவை அடைத்துக்கொண்டு இரவு முழுக்க மூச்சு விட்டால் அது எங்கே போகும், சுவரில்தான் படியும் என்று விளக்கினார். அதோடு சோறு வேறு சமைக்கிறோம், அந்த ஆவியும் சேரும் என்றார். அதில் ஒரு துளி உண்மை இருந்தது. இந்த நாட்டில் குளிர்காலக் காலைகளில் எல்லா வீட்டு யன்னல்களும் வேர்த்துத்தான் கிடக்கும். ஆனால் யன்னல் வேர்ப்பது வேறு, மெத்தை பிழியப் பிழியத் தண்ணீர் வருவது வேறு. நாங்கள் இரண்டு பேர். யானைகள் இல்லை.

சரி, மூத்தவர் சொல்கிறார் என்று கேட்டோம். சோற்றை அவருடைய கராஜில் சமைத்தோம். யன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஜக்கெற் போட்டுக்கொண்டு படுத்தோம். பிள்ளைத்தாச்சிப் பெண் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு படுத்தாள். மெத்தை அப்படியே நனைந்தது. போய்ச் சொன்னேன். அன்ரி கொஞ்சம் யோசித்துவிட்டு, நீங்கள் இரண்டு பேர் இல்லையே, வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்தால் மூன்று பேர் என்றார். பிறக்காத பிள்ளை மீதும் பழி போட்டாயிற்று.

கிளென்ஃபீல்டில் ரெஜினாவின் மச்சாள் வீடு இருக்கிறது. ஒரு சனி, ஞாயிறு அங்கே போய் நின்றோம். இரண்டு நாளும் மழை. திரும்பி வந்து பார்த்தால் மெத்தை தொப்பல். இப்போது பிடித்தேன் என்று அன்ரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு நாளாக இதற்குள் ஒருவரும் மூச்சு விடவில்லை, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். பூட்டி வைத்தால் வேர்க்காதா என்றார். திறந்தால் குளிர், அடைத்தால் மூச்சு, பூட்டினால் வேர்வை. அந்தக் கரவானில் மழை மட்டும் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

கூரையில் ஏறிப் பார்க்கிறேன் என்றால் அதற்கும் விடவில்லை. விழுந்தால் உம்மட மனுசிக்கு ஆர் பதில் சொல்லுறது என்பார். இதற்கிடையில் பிள்ளை பிறக்கிற மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்துக்குள், அந்தப் பூஞ்சண மணத்துக்குள், ஒரு பச்சைப் பிள்ளையை எப்படிக் கொண்டுவந்து கிடத்துவது என்று நினைத்தால் எனக்கு நித்திரை வராது.

வேலையிடத்தில் என்னோடு நின்ற ஒரு மாவோரிக்காரரிடம் சொந்தக் கரவான் இருந்தது. அவர்தான் வழி சொன்னார். தண்ணீர் வருகிற இடம் வேறு, தெரிகிற இடம் வேறு. வெளித்தகரத்துக்கும் உள்பலகைக்கும் நடுவில் மரச்சட்டம் ஓடும். தண்ணீர் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எங்கேயெல்லாமோ போய், ஒரு மூலையில் இறங்கும். ஆகவே ஹோஸ் பைப்பை எடுத்துக் கீழேயிருந்து மேலே, ஒவ்வொரு பகுதியாக நனைக்க வேண்டும். ஒருவர் உள்ளே ரோச் லைற்றோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக மேலே அடித்தால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை அன்ரி பாட்டுப் பயிற்சிக்குப் போன நேரம் தொடங்கினோம். மழை இல்லாத நாள், நல்ல வெயில். ரெஜினா உள்ளே கட்டிலோரம் கதிரை போட்டு உட்கார்ந்தாள். நான் சக்கரத்துக்கு மேலிருந்து தொடங்கினேன். ஒன்றுமில்லை என்று உள்ளிருந்து ஒருதரம் தட்டினாள். யன்னலின் கீழ் விளிம்பு, மேல் விளிம்பு, கதவு, பின்விளக்கு. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. கடைசியாக ஏணியை வைத்து ஏறினேன். கூரையின் முன்பக்கத்தில் ஒரு இரும்புத் தாங்கி இருந்தது. நத்தார் நட்சத்திரம் கட்டுகிற தாங்கி. டிசம்பர் வந்தால் ஆள் உயரத்தில் ஒரு நட்சத்திரத்தை அன்ரி அங்கே ஏற்றிவிடுவார், தெருமுனையிலிருந்தே தெரியும். அந்தத் தாங்கியைக் கூரைத் தகரத்தை ஓட்டை போட்டுத் திருகாணியால் இறுக்கியிருந்தார்கள். பசை ஒரு துளியும் இல்லை. நட்சத்திரத்தில் காற்று அடிக்கும் போதெல்லாம் ஆடி ஆடி ஆணிகளைச் சுற்றி ஓட்டை பெரிதாகியிருந்தது. மழைத் தண்ணீருக்கு வாசல் திறந்து வைத்த மாதிரி.

அங்கே தண்ணீர் விட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ரெஜினா தட்டினாள். நிறுத்தாமல் தட்டினாள். தண்ணீர் கரவானின் முழு நீளமும் ஓடி, பின்மூலையில், எங்கள் காலடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு அத்தாட்சி வேண்டியிருந்தது. இறங்கி வந்து, ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் தூளைக் கரைத்தேன். எங்கள் சமையலறையில் இருந்த ஒரே சாயம் அதுதான். மேலே ஏறி ஆணிகளைச் சுற்றி ஊற்றினேன். உள்ளே மூலைப் பலகையில் மஞ்சள் கோடு ஒன்று அழகாக இறங்கியது. கோவில் திருவிழா பார்த்த சந்தோஷத்தோடு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எந்த மனிதனின் மூச்சும் மஞ்சளாக வராது.

அன்ரி வந்ததும் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் தொட்டார். மூக்கில் வைத்தார்.

"மஞ்சள்," என்றார். "நான் எத்தினை தரம் சொன்னனான், இதுக்குள்ள கறி காய்ச்சாதேங்கோ எண்டு."

ஏணியைக் காட்டினேன், வாளியைக் காட்டினேன், கூரையில் ஒழுகிக் காய்ந்திருந்த மஞ்சளைக் காட்டினேன். தாங்கியின் ஆணிகள் என்று நான் சொன்ன உடனே அவர் முகம் மாறியது. அது தன் மனுசன் தன்ர கையால இறுக்கினது, அவர் இறுக்கின ஆணி ஒழுகாது என்றார். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த நாள் காலைக் கஞ்சி மட்டும் வழக்கம்போல வந்தது.

பிறகுதான் தேவாலயத்தில் ஒருவர் விஷயத்தைச் சொன்னார். அந்தக் கரவானைக் கணவர் வாங்கி வந்த நாளில் எல்லாரும் சேர்ந்து பகிடி பண்ணியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் தன் குப்பையை உன் தலையில் கட்டிவிட்டான் என்று. மனிதர் கூரையில் ஏறி நட்சத்திரத் தாங்கியைப் பூட்டிக்கொண்டிருந்தாராம். அடுத்த நத்தாருக்கு அவர் இல்லை. இதைக் கேட்டு ரெஜினா கண் கலங்கினாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் செத்தவரின் மானத்துக்காக என் பிள்ளை ஏன் ஈரத்தில் படுக்க வேண்டும்?

ஜூலை கடைசியில் மிட்வைஃப் வந்தார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் வீடு தேடி வருகிற தாதி. கரவானுக்குள் ஒரு கால் வைத்தவர் அங்கேயே நின்றார். பிள்ளையை இதற்குள் கொண்டுவர முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டார். அன்ரி பின்னால் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போதாவது ஒழுகுது என்ற அந்தச் சொல் வரும் என்று நான் அவர் வாயையே பார்த்தேன்.

வரவில்லை. அன்று பின்னேரம் தன் அறையைக் காலி செய்து, கட்டிலுக்குப் புதுவிரிப்பு விரித்து, எங்கள் பெட்டிகளைத் தானே தூக்கி உள்ளே வைத்தார். வீட்டிலேயே வெயில் விழுகிற நல்ல அறை அது. பிறகு தன் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்கதவால் இறங்கினார்.

"நீங்கள் இஞ்ச இருங்கோ. கரவான்ல எப்பிடி இருக்கிறதெண்டு நான் இருந்து காட்டுறன்."

மறித்தோம். கேட்கவில்லை. போய்ப் படுத்தார். ஒரு நாள், இரண்டு நாள் என்று நினைத்தேன். வாரக்கணக்காகப் படுத்தார். மழை விடவேயில்லை. நான் அந்த அறையின் காய்ந்த கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையில் மழைச் சத்தத்தைக் கேட்பேன். நியாயம் என் பக்கம் இருந்தது, கட்டிலும் என் பக்கம் இருந்தது, ஆனால் நிம்மதியாகக் கோபப்படக்கூட முடியவில்லை. என்னிடம் இருந்த ஒரே சொத்தையும் அந்த மனுசி பறித்துக்கொண்டு போய் ஈரத்தில் படுத்திருந்தார். காலையில் எப்படி நித்திரை என்று கேட்டால் அருமையான நித்திரை என்பார். கராஜில் கார் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், அவருடைய கம்பளி காய்ந்துகொண்டிருந்ததை ரெஜினா கண்டாள்.

இருமல் தொடங்கியது. முதலில் சின்னதாக. பிறகு பாட்டுப் பயிற்சிக்குப் போகாமல் நிற்கிற அளவுக்கு.

ஓகஸ்ட் நடுவில் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் காய்ந்த அறைக்கே கொண்டுவந்தோம். அன்ரி ஓடிவந்தார், வாசலில் நின்றுவிட்டார். இருமலோடு பச்சைப் பிள்ளைக்குக் கிட்டப் போகக்கூடாது என்று மிட்வைஃப் சொல்ல முதலே அவருக்குத் தெரிந்திருந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். அடுத்த நாளும் வாசலில். அதற்கடுத்த நாளும். அவருடைய சொந்தப் பேரப்பிள்ளைகள் பிறந்தபோது மெல்பேர்னுக்குப் போக முடியாமல் போனில்தான் பார்த்தவர். இந்தப் பிள்ளையைத் தூக்கத்தான் மாதக்கணக்காகக் கஞ்சி காய்ச்சினார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. குசினியில் அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றபோது போய் முன்னால் நின்றேன்.

"அன்ரி, ஒழுகுது எண்டு ஒரே ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. இண்டைக்கே ஏறி அடைச்சு விடுறன். நீங்கள் பிள்ளையைத் தூக்கலாம்."

அவர் இருமி முடிக்கும் வரை காத்திருந்தேன். முடித்தார். சீனி போட்டார். கலக்கினார்.

"ஒழுகேல்லை, தம்பி," என்றார்.

அந்த ஞாயிறு அவரை ரெஜினா கெஞ்சி ஆராதனைக்கு அனுப்பி வைத்தாள். கார் தெருமுனை திரும்பியதும் ஏணியை எடுத்தேன். ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஓட்டைகளைத் துடைத்துக் காயவிட்டு, பசை நிரப்பி, தாங்கியைப் பழையபடி அதே இடத்தில் பூட்டினேன். பிசிறை விரலால் வழித்தெடுத்தேன். ஒன்றும் தெரியாது. கோபத்தில் செய்த வேலை, ஆனாலும் நான் செய்ததில் அதுதான் மிகச் சுத்தமான வேலை. அன்றைக்கு வழக்கமில்லாத வழக்கமாக வெயில் எறித்தது. ரெஜினா கரவானைத் திறந்துவிட்டு, மெத்தையை வெயிலில் சாத்தினாள். அன்ரி வந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை, காற்றுப் பிடிக்க விட வேண்டும் என்று இப்போதாவது தெரிகிறதே என்றார்.

பிறகு பெய்த மழை ஒன்றுக்கும் மெத்தை நனையவில்லை. கம்பளி காரின் பின்னாலிருந்து காணாமல் போனது. இருமல் மெல்ல மெல்ல விட்டது. ஒரு காலை நான் வேலைக்குப் போக எழும்பியபோது, மகள் அன்ரியின் மடியில் இருந்தாள். அன்ரி அவளுடைய கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

நான் எதிர்பார்க்காதது ஞானஸ்நானத்தன்று வந்தது. ஆராதனை முடிந்து மண்டபத்தில் எல்லாரும் ரோல்ஸும் கட்லட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்ரி நடுவில் கதிரை போட்டு, மகளைத் தோளில் சாத்தி வைத்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தார். என்ன கதை? இவர்கள் கரவான் நனையுது நனையுது என்று ஒரே பாட்டு, நான் போய்ப் படுத்தேன், காய்ந்துவிட்டது, இவ்வளவு நாளும் இவர்கள் விட்ட மூச்சுத்தான் என்று. சனம் சிரித்தது. பாதிரியாரும் சிரித்தார். கீபோர்ட் வாசிக்கிறவர் மட்டும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் அடைத்த ஓட்டை அவருக்கு அத்தாட்சியாகிவிட்டது. வாயைத் திறந்தேன். ரெஜினா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

அங்கேயே அன்ரி கரவானுக்கு அடுத்த ஆளையும் பிடித்துவிட்டார். எங்களுக்கு அந்த வாரம்தான் மனுரேவாவில் ஒரு சின்ன ஃப்ளாட் சரிவந்திருந்தது, அவர் தன் அறைக்குத் திரும்பப் போகிறார். மட்டக்களப்பிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பி, அவனுக்கும் கலியாணம் முடிந்து கொஞ்ச நாள்தான். நான் தேத்தண்ணி எடுக்கப் போன இடத்தில் பின்னால் வந்து நின்றான். மனைவிக்குச் சளித் தொந்தரவு இருக்கிறதென்றும், மழைக்காலம் பயமாக இருக்கிறதென்றும், அன்ரி சொல்வதை நம்பலாமா என்றும் கேட்டான்.

"அண்ணை, நீங்கள் இருந்த ஆள் எல்லோ. உண்மையைச் சொல்லுங்கோ. அது ஒழுகாதோ?"

திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அன்ரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கதையை நிறுத்தியிருந்தார். மகளின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கையும் நின்றிருந்தது.

"ஒழுகாது," என்றேன்.